கறுப்பில் அச்சான நீலக் கோடுகள்

கேள்வி கேட்டே வயிறு வளர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிரில் இருப்பவரை நிற்கவைத்துக் கேட்பவர்கள் ஒரு ரகம். அவர்கள் பின்னால் வருவார்கள், அவசரப்பட வேண்டாம். வெயிலில் நின்றுகொண்டு, கதவுக்குப் பின்னால் சௌகரியமாக இருப்பவரிடம் கெஞ்சிக் கேட்பவர்கள் இன்னொரு ரகம். நம்முடைய ஆள் இந்த இரண்டாவது ரகம்.

இருபது வயதில் ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தவர், தலை நரைத்த பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். சோப்பு போய்ப் பற்பசை வந்தது. பற்பசை போய்த் தடுப்பூசி வந்தது. பிறகு குடிதண்ணீர், நடுவில் ஒரு தேர்தல். கேள்விகள் மாறின, கழுத்தில் தொங்கும் அட்டை மாறியது, செருப்பு தேய்கிற வேகம் மட்டும் மாறவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் கேள்விக்காரர்.

"ஊர் பூரா குழாய்ல தண்ணி வருதான்னு கேட்டுட்டு வரீங்க," என்பாள் மனைவி. "நம்ம வீட்டுக் குழாய்ல வருதான்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போவார். சண்டை போடத் தெரியாத மனிதர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கமாட்டார் என்று மனைவியே சொல்வாள், அதில் பாராட்டு பாதி, சலிப்பு பாதி.

ஆனால் தொழிலில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. அவற்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஒன்று அவரை வாழவைத்தது, இன்னொன்று கவிழ்த்தது. முதல் பழக்கம், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. மற்ற ஆட்கள் கேள்வியைக் கேட்டு, பதிலையும் தாங்களே எடுத்துக்கொடுத்து, டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். இவர் காத்திருப்பார். எதிராளி இருமி, முதுகைச் சொறிந்து, வாசலைப் பார்த்து, கடைசியில் மனசில் உள்ளதைச் சொல்லும்வரை காத்திருப்பார். பலபேருக்கு அவர்கள் வாழ்க்கையில் அப்படிக் காதுகொடுத்துக் கேட்ட முதல் ஆள் பற்பசையைப் பற்றிக் கேட்க வந்த இவர்தான். இரண்டாவது பழக்கம், எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். காலிக் கட்டத்தோடு போனால் மேற்பார்வையாளர் மூஞ்சியில் விட்டெறிவார் என்று முதல் மாதமே படிந்துபோன பயம் அது. வயது, படிப்பு, தொழில், எதுவானாலும் நிரப்பிவிடுவார். உண்மையைத்தான் நிரப்புவார்.

பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பேராசிரியைக்கு இவரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல அம்மாள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவர்மேல் கோபம் வரும்போது உதவும். நகரத்தில் போதைச் சரக்கு எப்படிக் கைமாறுகிறது, யாருக்கு யாரைத் தெரியும், யாரை நம்பி யார் வாங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. உச்சியில் ஒரு பெரிய தலை இருக்கிறது, அதை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள், அப்படித் தலையே கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

"எல்லாம் சிநேகிதங்க, பக்கத்து ரூம்காரங்க, மச்சான் மாமன் வழியா போற விஷயம்," என்றார் அவர். "வலை மாதிரி. எங்க பிடிச்சாலும் சின்ன மீன்தான். அதை எண்ணிக் காட்டிட்டா, இவங்கள ஜெயில்ல போடறதுக்குப் பதிலா வைத்தியத்துக்கு அனுப்புங்கன்னு கேக்கலாம். நீங்க பேச வச்சீங்கன்னா போதும்."

கேள்விக்காரருக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. சோப்பைவிட உருப்படியான வேலை என்று தோன்றியது. ஆனால் யார் வாயைத் திறப்பார்கள்? மேம்பாலத்துக்கு அடியில் நின்று பார்த்தார். சந்தைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். இவரைக் கண்டதும் கூட்டம் கலைந்தது. ஒருவன் மட்டும் நின்று, "சார், நான் சோப்பே போடறதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனான். ஆள் யார் என்று தெரு முழுக்கத் தெரிந்திருந்தது, அதனாலேயே இந்தப் புதுக் கேள்விக்கு யாரும் பிடிகொடுக்கவில்லை.

நாக்குத் தள்ளிப்போய் அவர் ஒதுங்கிய இடம் அக்காவின் சலவைக்கடை.

மேம்பாலத்தின் கடைசித் தூணுக்கு எதிரில் அந்தக் கடை. உள்ளே மூன்று இயந்திரங்கள். நடுவில் இருப்பது துணியோடு தானும் சேர்ந்து சுற்றுவதுபோல் உறுமும், அதை மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. அதற்கப்பால் ஒரு பெரிய நீராவி இஸ்திரி, கூரையிலிருந்து தொங்கும் கம்பிகளில் சட்டைகள். சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒண்டிக்கட்டைகள் எல்லோரும் அங்கேதான் துணி போடுவார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வைத்து, காலரின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதுவாள். எண்ணைத் தவிர வேறு எதையும் யாரிடமும் கேட்கமாட்டாள். அவளும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று நம்புவது கஷ்டம்.

துணியை இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் பைகளைத் துழாவுவது அவள் வேலையின் ஒரு பகுதி. ஆண்பிள்ளைகள் பையில் எதைத்தான் விட்டுவைக்கமாட்டார்கள்! சாவி, பஸ் டிக்கெட், காதலியின் படம், ஒருமுறை பல்செட். எதுவானாலும் ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே அந்தச் சட்டையின் எண்ணை எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். துணி வாங்க வரும்போது கவரும் கைக்கு வரும். பிரித்துப் பார்ப்பது கிடையாது, என்ன ஏது என்று கேட்பதும் கிடையாது.

"கை எடுத்தது, கண் பாக்கல," என்பாள். அது அவளுடைய கடைச் சட்டம். அம்மா போனபின் பள்ளிக்கூடப் பையனாக இருந்த தம்பியைக் கண்டவர் துணியைத் துவைத்து ஆளாக்கியவள் அவள். ஊரில் அவளை நம்பாதவர் இல்லை.

"ஏண்டா மூஞ்சி தொங்கிப்போயிருக்கு?" என்றாள் அன்றைக்கு.

தம்பி சொன்னார். அவள் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துச் சட்டை வாங்க ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். ஒட்டடைக் கம்பு உயரம், நெட்டை என்று பெயர். சின்னச் சின்னப் பொட்டலமாகச் சரக்கு விற்பவன், அது அக்காவுக்கும் தெரியும், தெரியாது.

"நெட்டை, இவன் என் கூடப்பொறந்தவன்," என்றாள். "கேள்வி கேப்பான், அடிக்கமாட்டான். கொஞ்சம் பேசு."

"அக்கா சொன்னா சரி," என்று நெட்டை துணிமூட்டையின்மேல் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான், மடை திறந்தது. ஒருவரைப் பேச வைத்து, அவர் வழியாக இன்னொருவரைப் பிடித்து, அவர் வழியாக வேறொருவரை என்று சங்கிலி போலப் போவது இந்த ஆராய்ச்சியின் முறை. ஆனால் இந்தத் தெருவில் சங்கிலி நேராகப் போகவில்லை. நெட்டை அனுப்பியவன் முதலில் அக்காவிடம்தான் வந்து நின்றான். "உங்க தம்பிகிட்ட பேசலாமாக்கா?" அவன் அனுப்பியவனும் அப்படியே. ஒவ்வொருவனும் அக்கா தலையாட்டிய பிறகே வாயைத் திறந்தான். கடையின் பின்னறையில், அழுக்குமூட்டைகளுக்கு நடுவில் பேச்சு நடக்கும். நடு இயந்திரம் உறுமுவதால் வெளியே ஒன்றும் கேட்காது. அதை மாற்றாததும் ஒருவகையில் நல்லதாயிற்று.

பேர் எழுதமாட்டேன், எண்தான் என்று கேள்விக்காரர் சொன்னபோது அவர்களுக்கு அது புதிதாக இல்லை. காலரிலேயே பழகியிருந்தார்கள். பேச்சைத் தட்டச்சு செய்தவுடன் ஒலிப்பதிவை அழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடியே ஒன்றுவிடாமல் அழித்தார்.

அவர்கள் சொன்னதையெல்லாம் பேராசிரியையும் இவரும் சேர்ந்து படமாக வரைந்தார்கள். ஒவ்வொரு மனிதரும் ஒரு வட்டம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சரக்கு போனால் சிவப்புக் கோடு. எங்களிடம் பேச உங்களை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு வரும் பதில் நீலக் கோடு. எல்லோரும் ஒரே வாய்வழியாக வந்துவிட்டார்களா என்று ஆராய்ச்சிக்காரர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்வதற்காக அந்த நீலம். யாருக்கு அதிகக் கோடுகள் வருகின்றனவோ அவர் வட்டத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே பெரிதாக்கிவிடும். அதற்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது, எண்ணத்தான் தெரியும்.

படம் திரையில் வந்ததும் பேராசிரியை கைதட்டினார். சிவப்புக் கோடுகள் எங்கும் தலையில்லாமல் சிதறிக்கிடந்தன. அவர் நினைத்தது அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் பூசணிக்காய்போல ஒரு வட்டம். அதில் ஒரு சிவப்புக் கோடுகூடக் கிடையாது, அத்தனையும் நீலம்.

"உங்க அக்கா இல்லன்னா இந்தப் படமே இல்லங்க," என்றார் பேராசிரியை.

கேள்விக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ஆணா பெண்ணா, தொழில் என்ன என்று சிறு எழுத்தில் குறிக்க வேண்டியிருந்தது. அக்காவின் கட்டம் காலியாக இருந்தது. அவள் கேள்விக்குப் பதில் சொன்னவள் இல்லை, விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இவருக்குக் கை அரித்தது. 'பெண், சலவைத் தொழில்' என்று நிரப்பினார். பெருமையோடு நிரப்பினார்.

கடைக்குப் போய்ச் சொல்லவும் செய்தார். "அக்கா, படத்துல நீதான் இருக்கறதிலேயே பெரிய வட்டம்."

"உடம்பைச் சொல்றியாடா?" என்று கேட்டு, அவள் ஈரத்துண்டால் ஓர் அடி வைத்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஆராய்ச்சி அறிக்கை அரசாங்கத்துக்குப் போயிற்று. அங்கே யாரோ ஒரு புண்ணியவான், எல்லா இலாகாவுக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்னொரு புண்ணியவான், கலரில் அச்சடிக்க அனுமதி இல்லை என்று கறுப்பு வெள்ளையில் அடிக்கவைத்தார். அவ்வளவுதான் நடந்தது. இதில் சதி ஏதும் இல்லை, கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. சிவப்பும் கறுப்பானது, நீலமும் கறுப்பானது. படத்தின் அடியில் விளக்கம் மட்டும் அப்படியே நின்றது. ஒரு கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'சிவப்பு: சரக்கு', அதற்குக் கீழே அதேபோன்ற இன்னொரு கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'நீலம்: அறிமுகம்'. அதைப் படித்த யாருக்கும் உறுத்தவில்லை. படித்தால்தானே உறுத்த!

அந்தப் பகுதியின் இன்ஸ்பெக்டரும் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தார். தலையைப் பிடி, தலையைப் பிடி என்று மேலிடம் அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்த நேரம். தலையே இல்லை என்று சொல்ல வந்த அறிக்கை அவருக்கு ஒரு தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டது. பெண், சலவைத் தொழில், மேம்பாலப் பகுதி. விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை, அவருடைய சீருடையே அங்கேதான் துவைக்கப்பட்டது.

காலையில் கடை திறந்த கையோடு வந்தார்கள். இயந்திரங்களைக் கவிழ்த்தார்கள், மூட்டைகளைப் பிரித்தார்கள். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, ஒரு குழந்தையின் படம், இவற்றோடு ஒரு கவரில் கட்டைவிரல் அளவு வெள்ளைப் பொட்டலம். கவர்மேல் அக்காவின் கையெழுத்தில் ஓர் எண்.

"இது யாரோடது?"

"துணி போட்டவங்களோடது."

"யாருன்னு கேக்கறேன்."

"எண் போட்டிருக்கேனே, அந்தத் துணிக்காரரோடது," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கடைக்குச் சீல் வைத்து அவளை வண்டியில் ஏற்றினார்கள்.

கேள்விக்காரர் அப்போது ஊரின் மறுகோடியில், பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் அட்டையைக் கழற்றக்கூட மறந்து ஓடினார்.

முன்னால் சொன்ன முதல் ரகம் இங்கே வருகிறது. இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். நாற்காலி போடவில்லை, தண்ணீர் கொடுத்தார்.

"சார், அந்தக் கோடு சரக்குக் கோடு இல்ல சார். என்கிட்ட பேசச் சொல்லி அவங்க அனுப்பின கோடு. நான்தான் சார் போட்டேன்."

"நீங்க போட்டதுதானே? அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் வழவழப்பான தாளில் கலர்ப் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். நீலம் கண்ணைப் பறித்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தன்னுடைய கறுப்பு வெள்ளைப் பிரதியின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"என்கிட்ட இருக்கறது அரசாங்கம் அனுப்பினது. அதுல முத்திரை இருக்கு. நீங்க இப்ப கலர் அடிச்சுக் கொண்டுவந்திருக்கீங்க. அவங்க தம்பியும் கூடவே நிக்கறாரு. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு, வந்து பாருங்க."

"கம்ப்யூட்டர்ல கலர் மாத்த முடியாதா மேடம்?"

பேராசிரியையால் பொய் சொல்ல முடியவில்லை. மாற்ற முடியும் என்றார்.

"அவங்க பேசின டேப்பு?"

"அழிச்சிட்டோம்."

"அழிச்சிட்டீங்க," என்று திருப்பிச் சொன்னார் இன்ஸ்பெக்டர். சிரிக்கக்கூட இல்லை. "சரி, ஒண்ணு செய்யுங்க. கோட்டுக்கு ரெண்டு முனை இருக்குல்ல? அந்த முனையில இருக்கறவங்கள வரச்சொல்லுங்க. நான்தான் அந்த வட்டம், இந்தம்மா எனக்குச் சரக்கு தரலன்னு ஒருத்தன் வந்து சொல்லட்டும். மேல எழுதிப் போடறேன்."

வெளியே வந்ததும் பேராசிரியை காரில் ஏறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அரசாங்கத்துக்கு எழுதுகிறேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றார். எழுதவும் எழுதினார். திருத்தம் வெளியிடுவது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளையில்தான். கேள்விக்காரருக்கு அவர்மேல் கோபம் வந்தது, கோபப்பட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அம்மாள் அழும்போது இவர்தான் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார்.

அடுத்து நெட்டையைத் தேடினார். மேம்பாலத்துக்கு அடியில் தெருவே விசித்திரமாக இருந்தது. எல்லோருடைய துணியும் சீல் வைத்த கடைக்குள் மாட்டிக்கொண்டதால், பார்த்தவனெல்லாம் நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டு திரிந்தான். நெட்டை ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான்.

"அக்கா எப்படி இருக்காங்கண்ணே?"

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடுவா."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். "அக்காவுக்காக உயிரைக் கேளுங்க, தரேன். அந்த ரூமுக்குள்ள மட்டும் கூப்பிடாதீங்கண்ணே."

"உயிரை வச்சு நான் என்னடா பண்றது?"

"தப்பா நினைக்காதீங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு, நீங்கதான் காட்டிக்குடுத்தீங்கன்னு சொல்றாங்க. மீதிப் பேரு அக்காவையே சந்தேகப்படறாங்க. தம்பியை விட்டு ஆழம் பாத்துட்டு, போலீஸோட சேர்ந்து நாடகம் ஆடறாங்கன்னு. இனிமே உங்ககிட்ட யாரும் வாய் திறக்கமாட்டாங்க."

கேள்விக்காரர் எப்போதும்போலச் சும்மா நின்றார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் நெட்டையே கேட்டான். "அந்தக் கவர் மேல என்ன நம்பர்ணே இருந்துச்சு?"

சொன்னார். நெட்டையின் கை தானாகக் கழுத்துக்குப் போய்க் காலரைச் சேர்த்துப் பிடித்தது. பிடித்த வேகத்தில் பின்பக்கம் மடிந்துகொண்டு, உள்ளே எழுதியிருந்த மை எழுத்து வெளியே தெரிந்தது. அதே எண்.

நெட்டையின் கண் நிரம்பி வழிந்தது. "மறந்துட்டேண்ணே," என்றான். "பாக்கெட்ல இருந்ததை மறந்தே போய்ட்டேன். எப்பவும் அக்கா எடுத்து வச்சிருவாங்கன்னு..." சொல்லி முடிக்காமல் நடந்தான். மறுநாள் அவன் அறை காலியாக இருந்தது.

இப்போது கேள்விக்காரரிடம் முதன்முறையாக யாரும் கேட்காத ஒரு பதில் இருந்தது. வீட்டில் சொன்னார்.

"அப்ப போய்ச் சொல்லுங்க!" என்றாள் மனைவி. "இன்னும் என்ன யோசனை? அண்ணியா நெட்டையா?"

அக்காவை அண்ணி என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் கூப்பிடுகிறாள். அடுத்த வீட்டில் அழுகை கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வந்தது.

அவர் தூக்கமில்லாமல் புரண்டார். உங்க வாயிலிருந்து வந்தது என் காதோடு என்று ஒவ்வொருவனிடமும் சொல்லித்தான் பேச வைத்தார். ஆனால் காலரை அவர் கேட்டு அறியவில்லை, கண்ணால்தானே பார்த்தார்? இப்படியெல்லாம் தனக்குத்தானே வாதாடி, விடிந்ததும் வக்கீலிடம் போனார்.

வக்கீல் வயதானவர், சுற்றி வளைக்காதவர். "சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்? பொட்டலம் நெட்டையோடது. சரி. அது ஏன் உங்க அக்கா டப்பாவுல இருக்கு? அவனுக்காக இவங்க வச்சிருந்தாங்க. அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல சரக்குக் கோடு இருக்குன்னு நீங்களே நிரூபிச்சுக் குடுத்த மாதிரி ஆகும். அவனும் உள்ள போவான், அவங்களும் வெளிய வரமாட்டாங்க."

"சொல்லலன்னா?"

"இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்."

"நான் என்னதாங்க செய்யறது?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஜாமீன் மனு இரண்டாவது தடவையும் தள்ளுபடியாகியிருந்தது. தலை என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை வெளியே விட யாருக்குத் துணிச்சல் வரும்?

சிறையில் பார்வையாளர் அறை நீளமாக இருந்தது. நடுவில் கம்பிவலை, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. வாசலில் அவரைத் தடவிப் பார்த்து, செல்போன், சாவி, பேனா எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டார்கள். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை மட்டும் பிரித்துப் பார்த்து, வட்டமும் கோடும்தானே என்று விட்டுவிட்டார்கள். போனமுறை வந்தபோது அக்காதான் கேட்டிருந்தாள், அந்தப் படத்தை ஒரு தடவை நான் பார்க்கணும்டா என்று.

அவள் இளைத்திருந்தாள். கையில் அதே சோப்பு வெடிப்பு.

"இங்கயும் துணிதான் குடுத்திருக்காங்க," என்றாள். "வேலை சுலபம். இவங்க உடுப்புல பாக்கெட்டே கிடையாது."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. தாழ்ந்த குரலில் நெட்டையின் காலரைப் பற்றிச் சொன்னார். வக்கீல் சொன்னதையும் சொன்னார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் அக்கா. "எண் எழுதினவளுக்குத் தெரியாதா? அதை விடு. கை எடுத்தது, கண் பாக்கல. நீயும் பாக்கல."

"நான் பாத்தேன்க்கா."

"பாக்கலன்னு சொல்றேன்ல?" என்று அதட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோது அதட்டிய அதே குரல். அவருக்கு அங்கேயே தலையைக் கவிழ்த்து அழவேண்டும்போல் இருந்தது. அழுதார்.

"சரி, சரி. படத்தைக் காட்டு."

தாளை விரித்து வலையோடு சேர்த்துப் பிடித்தார். அவள் மூக்கு வலையில் படும் அளவுக்கு நெருங்கி வந்து பார்த்தாள். பேராசிரியை கொடுத்த கலர்ப் படம். நீலக் கோடுகள் நடுவில் வந்து குவிந்திருந்தன.

"இதான் நானா?"

"ஆமாக்கா."

"இவ்வளவு பெருசாவாடா? எனக்கு மூணு மிஷின்தானே இருக்கு." கோடுகளின்மேல் அவள் விரல் வலைக்கு அந்தப்பக்கமே நகர்ந்தது. "இவன் யாரு? வேண்டாம், சொல்லாத. இந்த நீலமெல்லாம், இவங்க என்கிட்ட வந்து கேட்டதா? உங்க தம்பிகிட்ட பேசலாமான்னு?"

"அதுதான்."

அவள் விரல் ஒவ்வொரு கோடாகப் போய்த் திரும்பித் திரும்பி நடுவுக்கே வந்தது. எதையோ தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது, எதை என்று புரியவில்லை. தாளின் நான்கு மூலையிலும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல நீ எங்கடா?"

இத்தனை வருஷம் கேள்வி கேட்டவருக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"எல்லாரும் உன்கிட்ட பேசறதுக்குத்தானே என்கிட்ட வந்தாங்க? அப்ப என்கிட்டருந்து உன்கிட்ட ஒரு கோடு வரணும்ல? அதைக் காணோமே?"

"கேக்கறவங்களைப் படத்துல போடமாட்டாங்கக்கா," என்றார். "அது வழக்கமில்ல."

அக்கா கோபப்படவில்லை. ஓ, அப்படியா என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டாள். அது இன்னும் கொடுமையாக இருந்தது. கேள்வி கேட்டவர் என்று எழுதிய அந்த ஒரு வட்டம் மட்டும் படத்தில் இருந்திருந்தால், கலரோ கறுப்பு வெள்ளையோ, எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும்.

நேரம் முடிந்தது என்று காவலர் குரல் கொடுத்தார். அக்கா எழுந்தாள். கேள்விக்காரர் தாளைப் பெஞ்சின்மேல் பரப்பி, அவள் வட்டத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தை இடதுகை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சட்டைப்பையில் கைவிட்டுப் பேனாவைத் தேடினார். பேனா வாசலில், தட்டில் இருந்தது.